'ரிடார்டன்ட்': தமிழில் எழுதும் முன் பார்க்க வேண்டியவை

பினாங்கில் பொருள்களின் விவரச் சீட்டுகளைத் தமிழாக்கித் தருகிறேன். கோயில் மண்டபத்துக்கு வந்த திரைச்சீலை ஒன்றில் 'ஃபயர் ரிடார்டன்ட்' (தீ பரவுவதை மெதுவாக்குவது) என்று ஆங்கிலத்தில் இருந்ததைத் 'தீப்பிடிக்காதது' என்று எழுதிவிட்டேன். அதை நம்பிக் குத்துவிளக்கைத் திரையோரம் வைத்தார்கள். விளிம்பு உள்ளங்கை அகலத்துக்குக் கருகிச் சுருண்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சொல்லை முறையாகக் கற்றேன்.

படி 1: எது மெதுவாகிறது என்று பாருங்கள். தீயா, சிமெண்ட் இறுகுவதா, செடி வளர்வதா? அதுவே உங்கள் சொல்லின் முன்பாதி.

படி 2: நான் சறுக்கிய இடம் இது. 'டார்டுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'மெதுவான' என்று பொருள். அதன் வழி வந்த ரிடார்டன்ட் தீயைத் தள்ளிப்போடும், அவ்வளவே. மின்கம்பி உறைகளில் சேர்க்கும் அலுமினியம் ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 பாகை செல்சியஸில் அது சிதைந்து நீராவியை விடுகிறது. சிதையும்போது வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நீர் தீர்ந்துவிட்டால் தீ தன் வழியே போகும். இடையில் கிடைக்கும் நேரத்தில் ஆட்கள் வெளியேறலாம். ஆகவே, எழுதிய வாக்கியத்தின் பின்னால் 'தாமதமாகும், ஆனால் நடக்கலாம்' என்று சேர்த்துப் படியுங்கள். முரணாக ஒலித்தால் நீங்கள் எடுத்த சொல் தவறு.

படி 3: பின்பாதிக்கு நான் எடுப்பது 'மட்டுப்படுத்தி'. தீப்பரவல் மட்டுப்படுத்தி, வளர்ச்சி மட்டுப்படுத்தி. 'தடுப்பான்' என்றால் முழுக் காப்பு என்று வாங்குபவர் நினைப்பார். 'தணிப்பான்' நல்ல சொல்தான், ஆனால் தீயணைக்கும் உருளையோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

படி 4: சீட்டில் மலாய் வரியும் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். 'காலிஸ் ஆப்பி' என்றால் தீ அண்டாதது, 'பெரன்சாட் ஆப்பி' என்றால் தீயை மட்டுப்படுத்துவது. ஐயம் வந்தால் மலேசியாவின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவின் இணைய அகராதியைத்தான் திறப்பேன். தானியங்கி மொழிபெயர்ப்பை இந்தச் சொல்லுக்கு நம்புவதே இல்லை.

பின்சேர்க்கை: கோலாலம்பூரில் கட்டுமானத் தளத்தில் இருக்கும் வாசகர் ஒருவர், "கான்கிரீட்டில் ஊற்றும் ரிடார்டருக்கு மட்டுப்படுத்தி பொருந்தவில்லையே, ஐயா" என்று எழுதினார். அவர் சொல்வது சரி. அங்கே குறைவது அளவன்று, நேரம் நீள்கிறது. 'இறுகல் தாமதப்படுத்தி' என்று எழுதுங்கள். வெயிலில் கலவை லாரி நெரிசலில் நிற்கும்போது இது தேவைப்படுகிறது. சிமெண்ட் எடையில் 0.05 விழுக்காடு சீனி கூட இறுகலைச் சில மணி நேரம் தள்ளிப்போடும். அளவு மிகுந்தால் கலவை இறுகாமலே கிடக்கும். அதனால் அந்தச் சீட்டில் சொல்லைவிட அளவு எண்ணை இருமுறை சரிபாருங்கள்.