பேட்டரி ரம்பத்தால் விறகு அறுப்பது எப்படி? புதிதாக வாங்கியவர்களுக்கு

வெந்நீர் அடுப்புக்கு நாலு கட்டை வேண்டும், ஆனால் கோடாலி பிடிக்கத் தெம்பில்லை என்பவர்கள் இப்போது கையடக்க பேட்டரி செயின் ரம்பம் வாங்குகிறார்கள். பெரும்பாலும் 4 அல்லது 6 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தட்டையான பட்டை) உள்ளவை. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், ஆபத்தே அதில்தான். ஒரு கையில் ரம்பம், மறு கையில் கட்டை என்று ஆரம்பித்துவிடுவோம். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

எதை அறுக்கலாம்?

6 அங்குல பாருக்கு மூன்று, நான்கு அங்குலக் கனமுள்ள கிளை சரியாக இருக்கும். வேம்பு, கொய்யா, சவுக்கு எல்லாம் அறுக்கலாம். சீமைக்கருவேலம் காய்ந்துவிட்டால் ரம்பத்தைப் படுத்தும். பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுக் காயவைப்பது மேல். தென்னை மட்டைக்கு அரிவாளே போதும். இதில் விட்டால் நார் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நெடுக்கில் பிளப்பதும் இதன் வேலை இல்லை.

படி 1: செயினைப் பாருங்கள்

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பாரின் மேல்பக்கத்தில் பற்களின் கூர்முனை நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் உரசும், அறுக்காது. செயினை நடுவில் மெல்லத் தூக்கிவிட்டால் மறுபடி பாரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். புது செயின் ஓடத் தொடங்கியதும் தளரும், எனவே நடுவில் நிறுத்தி இன்னொரு முறை இறுக்குங்கள். தானாக எண்ணெய் விடும் வசதி இல்லாத ரம்பம் என்றால், அவ்வப்போது செயினில் நாமே சில சொட்டு விட வேண்டும்.

படி 2: உடை

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய காலணி கட்டாயம். தொங்கும் துண்டு, துப்பட்டா, லுங்கி கூடாது. சின்ன ரம்பம்தானே என்று செருப்போடு நிற்பவர்கள்தான் அதிகம்.

படி 3: கட்டையை நிறுத்துங்கள்

பாதி வேலை இங்கேதான். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கக் கூடாது. தரையில் வைத்தும் வேண்டாம், செயின் ஒருமுறை மண்ணைத் தொட்டாலே மழுங்கிவிடும். நாலு கம்புகளை இரண்டிரண்டாகப் பெருக்கல் குறி போலக் கட்டி, நடுவில் குறுக்குச் சட்டம் அடித்தால் ஒரு தாங்கி கிடைக்கும். இடுப்பளவு உயரம் போதும்.

தாங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை அறுத்தால் துண்டு கீழே விழும், ரம்பம் சிக்காது. இரண்டு தாங்கலுக்கு நடுவில் அறுத்தால்தான் தொல்லை: பாதி போனதும் கட்டை தொய்ந்து, வெட்டுவாய் மூடி, பாரைக் கவ்விக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் ஸ்விட்சை அழுத்தி இழுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, கட்டையைக் கீழிருந்து தூக்கிக் கொடுத்தால் பார் தானாக விடுபடும்.

படி 4: அறுங்கள்

ரம்பத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். பாருக்கு நேர் பின்னால் முகம் இருக்கக் கூடாது, சற்று ஒதுங்கி நில்லுங்கள். மரத்தைத் தொடும் முன்பே செயின் முழு வேகத்தில் ஓடட்டும். பாரின் அடிப்பக்கத்தை, பிடிக்கு அருகில் உள்ள பகுதியை மரத்தில் பதியுங்கள். அமுக்க வேண்டாம், ரம்பத்தின் எடையே போதும். பாரின் நுனி, அதிலும் அதன் மேல்பாதி, எதிலும் படக் கூடாது. பட்டால் ரம்பம் கண நேரத்தில் நம்மை நோக்கி எகிறும். பக்கத்தில் இன்னொரு கிளை மறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். துண்டு விழப்போகும்போது பிடியைத் தளர்த்தாதீர்கள். எதிர்ப்பு விட்டதும் ரம்பம் சட்டென்று கீழே, கால் பக்கம் இறங்கும்.

விழும் தூளையும் கவனியுங்கள். சில்லு சில்லாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவு போல வந்தால் மழுங்கிவிட்டது. அளவுக்கு ஏற்ற உருட்டு அரத்தால் தீட்டுங்கள், அல்லது செயினை மாற்றுங்கள்.

சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள், ஆறட்டும். அப்புறம் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, பாருக்கு உறை போட்டு, பேட்டரியைத் தனியாகப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.