கன்ட்ரி பாட்டில் பாவமும் கிருபையும்: கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி என்ற இசைவகைப் பாடல்களில் குடிகாரனும் கைதியும் மனைவியை ஏமாற்றியவனும் அடிக்கடி வருவார்கள். கூடவே ஆலயமும் வரும். விசுவாசத்தோடு இவற்றைக் கேட்கிறவர்கள் சில இடங்களில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். நானும் தடுமாறியிருக்கிறேன்.

முதலாவது, பாட்டில் வரும் 'நான்' பாடகர்தான் என்று நினைப்பது. கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையைப் பற்றி கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1955-ல் பதிவு செய்த பாட்டில், ஒருவன் சாவதைப் பார்க்கவே அவனைச் சுட்டவன் பேசுகிறான். கேஷ் யாரையும் சுட்டவர் அல்ல, சிறைத்தண்டனை அனுபவித்தவரும் அல்ல. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல், இளைய குமாரன் உவமையைக் கேட்பதுபோலக் கேளுங்கள். அந்தப் பையன் எந்த ஊர் என்று நாம் விசாரிப்பதில்லையே.

அடுத்தது, அழுகையை மனந்திரும்புதல் என்று எண்ணிக்கொள்வது. ஸ்டீல் கிட்டார் இழுக்கிற இழுப்பில் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் தேவனுக்கேற்ற துக்கம் வேறு, லௌகிக துக்கம் வேறு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். செய்ததை நினைத்து உருகிவிட்டு மறுபடி கிளாஸை நிரப்புகிறவனின் பாட்டு நேர்மையானதுதான். அதில் இல்லாத கிருபையை நாம் சேர்க்க வேண்டாம். கிருபையைக் கேட்க வேண்டுமானால் 1973-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த கிறிஸ் கிறிஸ்டாஃபர்சனின் 'ஒய் மீ' இருக்கிறது. 'எனக்கு ஏன் இப்படி?' என்று நாம் துன்பத்தில்தான் கேட்போம். அவரோ பெற்ற நன்மைகளைப் பார்த்துக் கேட்கிறார்.

பாட்டை எழுதியவர் பின்னால் விழுந்துபோனால் பாட்டே பொய் என்று தள்ளுவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1968 ஜனவரி 13 அன்று கேஷ் ஃபோல்சம் சிறைக்குள்ளேயே போய்ப் பாடினார். கைதிகளில் ஒருவரான க்ளென் ஷெர்லி, சிறைக்குள் இருந்த கல் ஆலயத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். முந்தின நாள்தான் அது கேஷின் கைக்கு வந்தது. இராத்திரியோடு இராத்திரியாகக் கற்றுக்கொண்டு, முன்வரிசையில் இருந்த ஷெர்லியின் முன்னாலேயே பாடினார். பாடுவார் என்று ஷெர்லிக்குத் தெரியாது.

1971-ல் ஷெர்லி விடுதலையானார், கேஷோடு மேடையேறினார். அப்புறம் வாழ்க்கை சரிந்தது. 1978-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 'அன்றோடு எல்லாம் மாறிவிட்டது' என்று முடியும் சாட்சிகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இது ஜீரணிக்கக் கஷ்டம். ஆனால் அந்தப் பாட்டு, தான் ஜெயித்துவிட்டதாக எங்கேயும் சொல்லவில்லை. சிறைக்குள்ளும் ஆண்டவரின் வீடு உண்டு, அதன் கதவு பூட்டப்படுவதில்லை என்றுதான் சொல்கிறது. ஷெர்லி விழுந்ததால் அது எப்படிப் பொய்யாகும்?

அன்று சிறையில் பாடியதைப் பதிவு செய்து வெளியிட்ட இசைத்தட்டின் கடைசிப் பாட்டு அதுதான். எழுதியவரின் பெயரைக் கேஷ் சொன்னதும் கைதிகள் எழுப்புகிற ஆரவாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.