கச்சான் காலத்தில் மின்சாரக் காரின் ஓட்டத் தூரத்தைக் காப்பது எப்படி?

குளிர் வந்தால் மின்சாரக் காரின் ஓட்டத் தூரம் குறைந்துவிடும் என்பது பனி பெய்யும் நாடுகளுக்கான எச்சரிக்கை. உறைநிலையை அண்டிய குளிரில் லித்தியம் அயன் மின்கலத்தின் வேதி வினைகள் மந்தமாகி, உட்தடை கூடி, காரின் உட்பகுதியைச் சூடாக்கவும் மின்சாரம் செலவாவதால், அங்கே தூரம் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையலாம். மட்டக்களப்பில் தை மாத அதிகாலையில்கூட வெப்பநிலை 22 அல்லது 23 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். அது மின்கலத்துக்கு மிகவும் உகந்த சூடு. நமக்குள்ள கவலை, மலைநாட்டைத் தாண்டி ஈரமிழந்து மேற்கிலிருந்து வீசும் கச்சான் என்ற சூடான காற்றுத்தான். அது தூரத்தை இரண்டு வழிகளில் குறைக்கிறது. ஒன்று அன்றைய இழப்பு, மறுநாள் மீளும். மற்றது ஆண்டுக்கணக்கில் சேரும் இழப்பு, ஒருபோதும் மீளாது.

அன்றைய இழப்புக்குக் காரணம் ஏசி. காரின் உட்பகுதி குளிர்ந்த பின் அது ஏறத்தாழ 1 கிலோவாற் எடுக்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். நகர நெரிசலில் 20 கிலோமீற்றர் ஓட ஒரு மணித்தியாலம் ஆகும். ஓட்டத்துக்குச் சுமார் 3 அலகும் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்-மணி), ஏசிக்கு 1 அலகும் செலவாகும். அதே ஒரு மணித்தியாலத்தில் கல்முனை வீதியில் 60 கிலோமீற்றர் ஓடினால், ஓட்டத்துக்கு 8 அல்லது 9 அலகு செலவாக, ஏசிக்கு அப்போதும் அதே 1 அலகுதான். ஆகவே ஏசியைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டிய இடம் நகரம். நீண்ட வீதியில் வியர்த்துக்கொண்டு ஓடுவதை விட, வேகத்தை 80இலிருந்து 60ஆகக் குறைப்பதே கூடுதல் பலன் தரும்.

ஏசி மிக அதிகமாக மின்சாரம் இழுப்பது முதல் சில நிமிடங்களில். கல்லடியில் நண்பகல் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்ற காரின் ஸ்டியரிங்கைக் கையால் பிடிக்க முடியாது. சீற் பெல்ற்றின் இரும்பு நாக்கு விரலைச் சுடும். அந்த நிலையில் கண்ணாடிகளை மூடிவிட்டு ஏசியை உச்சத்தில் வைக்காதீர்கள். நான்கு கதவுகளையும் ஒரு நிமிடம் திறந்துவிட்டு, கண்ணாடிகளை இறக்கியபடி சிறிது தூரம் ஓடி, அனல் வெளியேறிய பின் ஏசியைப் போடுங்கள். வீட்டில் சார்ஜரில் பூட்டியிருக்கும்போதே உட்பகுதியைக் குளிரவைத்துவிட்டுப் புறப்படுவது அதிலும் நல்லது.

மீளாத இழப்பைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சூடு கூடக்கூட மின்கலத்துக்குள் நடக்கும் தேய்மான வினைகள் விரைவடைகின்றன. அதுவும் மின்கலம் முழுமையாக நிரம்பிய நிலையில் சூட்டில் கிடந்தால் சேதம் மிக அதிகம். முதல் ஆண்டுக் கச்சானில் நான் நண்பகலிலேயே 100 வீதம் சார்ஜ் செய்து, தகரக் கூரையின் கீழ் மறுநாள் வரை காரை விட்டுவைப்பது வழக்கம். இப்போது 80 வீதத்தில் நிறுத்துகிறேன். நீண்ட பயணம் இருந்தால் மாத்திரம், புறப்படுவதற்குச் சற்று முன்னர் நிரப்புகிறேன்.

நம் வீதிகளில் ஓடும் பழைய நிசான் லீஃப் கார்களில் மின்கலத்தைத் திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு இல்லை. 24 கிலோவாற்-மணி மாதிரியில் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள அந்த மின்கலம் பகலில் ஏறிய சூட்டை மெதுவாகவே விடும். எனவே மாலையில் வந்தவுடன் சார்ஜ் போடாமல், நள்ளிரவு கடந்த பின் தொடங்குமாறு நேரத்தைக் குறித்துவையுங்கள். நேர அடிப்படையிலான மின்கட்டணத்தைத் தெரிவு செய்தவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை கட்டணமும் குறைவு. நீண்ட பயணத்தின் இடையில் அதிவேக சார்ஜ் செய்தால் மின்கலம் மேலும் சூடேறும்; ஒரே நாளில் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம். காரை நிறுத்தும்போது நிழலை மட்டும் பார்த்தால் போதாது. மின்கலம் தரைக்கு அண்மையில் இருப்பதால், தார்த் தரையின் அனல் நேரே அதில் படும். வேம்பின் கீழுள்ள மணல் தரையே சிறந்தது.

மீளாத இந்த இழப்பை அளக்க லீஃபின் திரையில் வலப்பக்கம் 12 சிறு கோடுகள் உள்ளன. கொள்ளளவில் சுமார் 15 வீதம் போன பின்னரே முதல் கோடு மறையும் என்பதால், 12 கோடும் இருப்பதைக் கண்டு பழைய காரைப் புதியதென நம்பிவிடக் கூடாது.

மாரியில் ஈர வீதியும் எதிர்க்காற்றும் சிறிது தூரத்தைத் தின்னும். காற்றுக் குளிர்ந்தால் டயர் அழுத்தமும் ஓரிரு பிஎஸ்ஐ இறங்கும் என்பதால், மழை தொடங்கியதும் ஓடுவதற்கு முன் காலையில் அளந்து நிரப்புங்கள்.

செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியா செல்வோர் குளிரைவிட ஏற்றத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். ஆட்களுடன் 1,600 கிலோ எடையுள்ள கார் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏற மாத்திரம் 8 அலகு வரை தேவை. அது 24 அலகு மின்கலத்தில் மூன்றில் ஒன்று. இறங்கும்போது அதில் ஒரு பகுதி பிரேக் வழியாக மின்கலத்துக்குத் திரும்பும். ஆனால் இரவுக் குளிரில் நின்ற மின்கலத்தை அங்கேயே முழுமையாக நிரப்பிவிட்டால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. மலையில் 80 வீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாமல் இறங்குங்கள்.