ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்: பலனை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஹெலிகாப்டரில் வந்தவர்களில் 12.6 சதவீதம் பேர் இறந்தார்கள். சாலை வழியே வந்தவர்களில் 11 சதவீதம்தான். அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரை பலத்த காயம்பட்ட 2,23,475 பேரின் கணக்கு இது; 2012இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியானது. இதை மட்டும் படிப்பவருக்கு ஹெலிகாப்டரை விற்றுவிட்டு நாலு வேன் வாங்கலாம் என்று தோன்றும்.

தவறு அங்கேயே தொடங்குகிறது. ஹெலிகாப்டரில் யாரை ஏற்றுகிறார்கள்? பெரும்பாலும் நிலைமை மோசமானவர்களை. காயத்தின் கடுமை போன்றவற்றில் ஒத்தவர்களை எதிரெதிரே வைத்துப் பார்த்ததும் கணக்கு தலைகீழானது. ‘முதல்நிலை’ எனப்படும் மிக உயர்தர விபத்துச் சிகிச்சை மையங்களைப் பொறுத்தவரை, 65 பேரை வானில் கொண்டுவந்தால் கூடுதலாக ஒருவர் பிழைக்கிறார். தரவு அதேதான்.

சரி, ‘நாங்கள் ஏற்றிவந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்’ என்று மார்தட்டினால்? அதுவும் சறுக்கல்தான். 22 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த கட்டுரையில், விபத்து நடந்த இடத்திலிருந்து பறந்து வந்தவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்குக் காயம் கடுமையானதல்ல; கால்வாசிப் பேர் 24 மணி நேரத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். அவர்களில் பலர் மாட்டுவண்டியில் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். போதாக்குறைக்கு, சாலையோரத்திலேயே உயிர்விட்டவர்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் பெரும்பாலும் வருவதே இல்லை.

பறந்த நிமிடங்களை மட்டும் எண்ணுவது இன்னொரு பழக்கம். அழைப்பு வந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓட வேண்டும். இன்ஜினைக் கிளப்புவது, இறங்க இடம் தேடுவது, நோயாளியை ஸ்ட்ரெச்சரில் கட்டி ஏற்றுவது, மொட்டைமாடியிலிருந்து லிஃப்டில் இறக்குவது எல்லாம் அதில் சேரும். மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் சாலையே முந்திவிடும்.

இதைவிடப் பெரிய குழப்பம், எதை அளக்கிறோம் என்பதில். லண்டனில் 1989 முதல் இயங்கும் சேவையில் ஹெலிகாப்டரோடு ஒரு மருத்துவரும் போகிறார். நடுத்தெருவில் மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் பொருத்துவார். தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்தே அறுவை செய்வார். அப்புறம் நோயாளி பல நேரம் ஆம்புலன்ஸில் சாலை வழியேதான் மருத்துவமனைக்குப் போகிறார், மருத்துவர் கூடவே. இருட்டிவிட்டால் அந்தக் குழு காரில் கிளம்புகிறது. பிழைக்கவைத்தது இறக்கையா, வைத்தியரா? இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் விடை கிடைக்காது.

யாருக்கு ஹெலிகாப்டர் மருத்துவர் குழு, யாருக்குச் சாதாரண ஆம்புலன்ஸ் என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தால் தீர்ந்துவிடாதா? சிட்னியில் தலைக்காயக்காரர்களை வைத்து அப்படித்தான் செய்தார்கள். சாதாரண ஆம்புலன்ஸ் பக்கம் விழுந்த சிலருக்கும் மருத்துவர் குழு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களைக் கணக்கில் இடம்மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றினால், இரு பக்கமும் ஒத்தவர்கள் என்ற சமநிலை குலைந்து, குலுக்கிப் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

இன்னொரு கணக்கும் பெரும்பாலும் விட்டுப்போகிறது: மருத்துவ ஹெலிகாப்டர்களும் விழுகின்றன. அமெரிக்காவில் 2008இல் மட்டும் அப்படி 29 பேர் இறந்தார்கள்.