ரேட்டிங்கை வைத்துக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பலத்தைக் கணக்கிடுவது எப்படி?

கல்லூரிக்கு வரும் பள்ளி வீரர்களின் திறமைக்குத் தரப்படும் மதிப்பெண்தான் ரேட்டிங். 2024-25 சீசனில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கப் பள்ளி வீரர்களின் ரேட்டிங் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த இருவர் வந்தார்கள்: டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி. அடுத்த என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஹார்ப்பர் 2ஆவதாகவும் பெய்லி 5ஆவதாகவும் தேர்வானார்கள். ஆக, ரேட்டிங்கில் பிழையில்லை. அணியோ 15 வெற்றி, 17 தோல்வி. கல்லூரிகளின் தேசியக் கோப்பைக்காக மார்ச் மாதம் நடக்கும் என்சிஏஏ போட்டிக்குள்ளேயே நுழையவில்லை.

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். மொத்தம் 200 ஆட்ட நிமிடங்கள். இருவர் உட்காராமலே ஆடினாலும் 80தான் நிரம்பும். மீதி 120ஐ யார் ஆடுகிறார்கள் என்பது புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் பார்க்கும் தரவரிசையில் வராது. அதனால் அணியிலுள்ள எல்லோரையும் எடுத்து, ஒவ்வொருவரின் ரேட்டிங்கையும் அவர் ஆடும் நிமிடத்தால் பெருக்கி, கூட்டி, 200ஆல் வகுக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: 99 ரேட்டிங் உள்ளவர் 30 நிமிடம், 95 உள்ளவர் 30 நிமிடம், மற்றவர்கள் 85 ரேட்டிங்கில் 140 நிமிடம். 2970 + 2850 + 11900 = 17720. இருநூறால் வகுத்தால் 88.6. புதியவர்கள் இருவரின் சராசரி 97. எதிர்பார்ப்பு பொய்ப்பது இந்த இடைவெளியில்தான்.

ரேட்டிங்கோடு வீரர்களுக்கு நட்சத்திரங்களும் தருவார்கள், அதிகபட்சம் ஐந்து. நட்சத்திரத்தை விட்டுவிட்டு எண்ணையே எடுங்கள். ஐந்து நட்சத்திரத்தில் கடைசி ஆளுக்கும் நான்கில் முதல் ஆளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 247ஸ்போர்ட்ஸ் என்ற தளம் பல ரேட்டிங்குகளைச் சேர்த்துத் தரும் கூட்டு ரேட்டிங் 0.99 என்றால் 99 என்று வைத்துக்கொள்ளலாம். ரேட்டிங்கே இல்லாதவரின் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பெருக்கிக் கூட்டும் எக்செல் சூத்திரமான சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) அதைப் பூஜ்யமாக எடுத்து விடையைக் கீழே இழுத்துவிடும். பட்டியலின் கடைசி ரேட்டிங்கைவிடச் சற்றுக் குறைந்த ஒரே எண்ணை இவர்கள் எல்லோருக்கும் கொடுங்கள்.

வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள் தனி ரகம். முதல்முறை மாறுபவர் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று 2021இல் விதி மாறியதிலிருந்து இவர்கள் எண்ணிக்கை ஏறிவிட்டது. 22 வயதுக்காரருக்குப் பள்ளிக்கால ரேட்டிங்கைப் போடுவது வீண். சென்ற சீசனில் எப்படி ஆடினார், யாரோடு மோதினார் என்பதைப் பாருங்கள்.

இப்படிக் கணக்கிட்ட பலத்தை அணி உண்மையில் ஆடிய விதத்தோடு ஒப்பிடுவதற்குக் கோப்பையை எடுக்காதீர்கள். 2019இல் டியூக்கிடம் தரவரிசையின் முதல் மூன்று பேரும் இருந்தார்கள். என்சிஏஏ போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 68-67 என்று ஒரே புள்ளியில் தோற்று வெளியேறியது. அந்த ஒரு புள்ளியை வைத்து முழு சீசனையும் தோல்வி என்று எழுதுவது அநியாயம். கென்பாம் என்ற புள்ளிவிவரத் தளம் தரும், எதிரணியின் பலத்தைக் கணக்கில் கொண்டு 100 பொசெஷனுக்கு (ஓர் அணி பந்தை வைத்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) எத்தனை புள்ளி வித்தியாசம் என்ற எண்தான் இதற்குச் சரி.

சீசனுக்கு முன்பே கணிப்பதென்றால் உத்தேச நிமிடங்களைத்தான் போட வேண்டும். சீசன் முடிந்தபின் கிடைக்கும் நிமிடங்களைப் போட்டால் யாருக்குக் காயம், யார் சோபித்தார் என்பதெல்லாம் கணக்குக்குள் நுழைந்து, கணிப்பு தன்னிடம் இல்லாத துல்லியத்தைக் காட்டும். பல அணிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு அணியின் ரேட்டிங் சராசரி, கென்பாம் எண் ஆகிய இரண்டிலிருந்தும் அதன் முந்தைய சில ஆண்டுகளின் சராசரியைக் கழித்துக்கொள்ளுங்கள். பெரிய கல்லூரிகளுக்கு நல்ல பயிற்சியாளரும் நல்ல வீரர்களும் சேர்ந்தே வருவதால், கழிக்காவிட்டால் யாரால் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.