சமூக ஊடக விளையாட்டு உருவாக்கம்: கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதைத்தான். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. காலாவதியான பாடத்தோடு வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, தமக்கு நிரலெழுத வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

ஃபேஸ்புக் தன் தளத்தை வெளி நிரலாளர்களுக்கு 2007இல் திறந்துவிட்டது. 2009இல் ஃபார்ம்வில் என்ற பண்ணை விளையாட்டு வந்தது. அந்தக் காலத்துப் பாடங்கள் பெரும்பாலும் உலாவியில் விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருளை நம்பி எழுதப்பட்டவை. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில்லின் கதையும் அன்றோடு முடிந்தது.

ஃபிளாஷ் பாடமென்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுபவைதான் ஆபத்தானவை. ஓர் எடுத்துக்காட்டு: நண்பர் பட்டியல் முழுவதையும் வாங்கி எல்லோருக்கும் அழைப்பு அனுப்பும்படி ஒரு பழைய பாடம் சொல்கிறது. நீங்களும் பிழையின்றி எழுதுகிறீர்கள். பட்டியல் வெறுமையாகத் திரும்புகிறது. வெளி நிரல்கள் ஃபேஸ்புக்கிடம் தகவல் கேட்கும் வழிக்கு கிராஃப் ஏபிஐ என்று பெயர். 2014இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலிருந்து, அதே விளையாட்டைப் பயன்படுத்தி அனுமதியும் தந்த நண்பர்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். இது தெரியாதவர் தன் நிரலில் இல்லாத பிழையை இரவெல்லாம் தேடுவார். தளத்தின் அதிகாரபூர்வ ஆவணத்தில் மாற்றங்களின் பட்டியல் இருக்கும். பாடத்துக்கு முன் அதைப் படியுங்கள்.

விளையாட்டை எழுத உதவும் ஆயத்த நிரல்தொகுப்பான எஞ்சினிலும் இதே கதைதான். ஃபேசர் என்ற எஞ்சினின் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தபோது எழுதும் முறையே மாறிவிட்டது. இரண்டாம் பதிப்புப் பாடத்தில் பாதியும் மூன்றாம் பதிப்புப் பாடத்தில் பாதியுமாக எடுத்து ஒட்டினால் எதுவும் ஓடாது.

அடுத்த தவறு, தன் கணினியில் ஓடினால் போதும் என்று நினைப்பது. ஃபேஸ்புக்குக்குள்ளேயே நிறுவாமல் ஆடும் விளையாட்டுகளான இன்ஸ்டன்ட் கேம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஏறும்வரை தளமே ஒரு திரையைக் காட்டிக்கொண்டிருக்கும். நிரல் முதலில் எஸ்டிகேயை, அதாவது தளம் தரும் நிரல்தொகுப்பைத் தயார்படுத்த வேண்டும், பிறகு எத்தனை சதவீதம் ஏறியது என்று தெரிவிக்க வேண்டும், கடைசியில் தொடங்கும் கட்டளையைத் தர வேண்டும். உலாவி விளையாட்டுகளுக்கான பொதுவான எச்டிஎம்எல்5 பாடங்களில் இந்தக் கடைசிக் கட்டளை இருக்காது. அது இல்லாவிட்டால் விளையாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆடுபவர் அந்தத் திரையைத் தாண்டமாட்டார். ஒலியும் அப்படித்தான்: ஆடுபவர் ஒருமுறை தொடும்வரை இன்றைய உலாவிகள் பொதுவாக அதை ஒலிக்க விடுவதில்லை.

ஒரே நேரத்தில் நான்கு தளங்களைக் கற்காதீர்கள். ஒன்றில் ஒரு சிறு விளையாட்டை வெளியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பல தொடக்கப் பாடங்கள் வாய் திறப்பதே இல்லை. டெலிகிராம் செயலிக்குள் ஓடும் சிறு இணையச் செயலியான மினி ஆப் திறக்கும்போது பயனர் விவரத்தோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும் வரும். அந்த விவரம் உண்மைதானா என்பதை பாட் டோக்கனைக் கொண்டு உங்கள் சர்வரில் சோதிக்க வேண்டும். பாட் என்பது மினி ஆப்பின் பின்னால் இருக்கும் தானியங்கிக் கணக்கு, டோக்கன் அதன் ரகசியச் சாவி. உலாவி அனுப்பும் மதிப்பெண்ணையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. இதைவிடப் பெரிய தவறு, பாடத்தில் இருந்ததே என்று டோக்கனை உலாவியில் ஓடும் நிரலுக்குள் எழுதிவைப்பது. பக்கத்தின் மூல நிரலைத் திறக்கும் யாரும் அதை எடுத்து உங்கள் பாட்டை ஆளலாம். ஏற்கெனவே அப்படி எழுதி வெளியிட்டிருந்தால், வரியை நீக்கினால் மட்டும் போதாது. பாட்டுகளை உருவாக்கி நிர்வகிக்க டெலிகிராம் தரும் பாட்ஃபாதரிடம் போய் அந்த டோக்கனை இன்றே ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.