குவாரி ஓரத்து நிலம் உள்வாங்குகிறதா? ஜிபிஎஸ் வைத்துப் பார்க்கும் முறை

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம், கீழவளவு, கீழையூர் என்று கிரானைட் எடுத்த பள்ளங்களை ஒட்டித் தோட்டமோ கிணறோ வீடோ வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் அடியில் குடைந்தெடுத்த இடத்துக்கு மேலே தரை இறங்கும். நம்மூரில் இருப்பது திறந்த குழி. கெட்டிப் பாறை சும்மா இறங்கிவிடாது, அதன் மேல் கிடக்கிற மண், சிதைந்த பாறை, கழிவுக் கல் கொட்டிய மேடு, இவைதான் குழியைப் பார்த்து நகரும். அதனால் உயரத்தை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டு நகர்வையும் பாருங்கள்.

போன் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும், இந்த வேலைக்கு ஆகாது. சர்வே செய்பவர்கள் வைத்திருக்கும், சாட்டிலைட் சிக்னலை இரண்டு அலைவரிசையில் வாங்கும் இரட்டை அலைவரிசை ரிசீவர் இரண்டு வேண்டும், வாடகைக்கு எடுத்தால் போதும். சட்டத்துக்குப் பயப்படத் தேவையில்லை, 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதிமுறைப்படி இந்தியர்கள் நிலத்தை அளக்க முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. குவாரி எல்லைக்குள் போவதற்கு மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். ஒரு ரிசீவர் அசையாத இடத்தில் நிற்க வேண்டும், இன்னொன்று சந்தேகப்படும் இடத்தில். அசையாத இடம் தப்பாகிவிட்டால் அதற்கப்புறம் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பிரயோசனம் இல்லை. குழியிலிருந்து தள்ளி, ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், மண்ணே மூடாத வெறும் பாறையைத் தேடுங்கள், மேலூரைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. அதில் துளை போட்டு ஸ்டீல் போல்ட்டைப் பசை வைத்து இறுக்கிவிடுங்கள். ஒன்று போதாது, இரண்டாக வையுங்கள், ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதை நிலம் இறங்கியதாக எண்ணி யார் மேலாவது புகார் கொடுத்துவிடக் கூடாது. அங்கே வெறும் பாறை கிடைக்காவிட்டால் ரிசீவர் வைக்க ஒரு தூண் நட்டு, அதன் அடியை ஆழமாக, கெட்டித் தரை வரைக்கும் இறக்க வேண்டும்.

சந்தேகப் புள்ளிகளைக் குழி விளிம்பிலிருந்து வெளியே ஒரே கோட்டில், பத்து, முப்பது, அறுபது மீட்டர் என்று வையுங்கள். எல்லாம் ஒரே அளவு நகர்ந்தால் உங்கள் அளவையில்தான் கோளாறு. விளிம்பில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைந்தும் வந்தால் அது நிஜமான நகர்வு. தகரக் கூரை, தேங்கிய தண்ணீர், உயர்ந்த பாறைச் சுவர் பக்கத்தில் வைக்காதீர்கள், சிக்னல் எதிரொலித்து வந்து கணக்கைக் கெடுக்கும்.

ஒவ்வொரு முறையும் இரண்டு ரிசீவரும் ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு மணி நேரம் ஓட வேண்டும். பகலில் செய்யுங்கள். மதுரை காந்த நிலநடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோடு) பக்கத்தில் இருக்கிறது, அதனால் பொழுது சாய்ந்து நள்ளிரவு வரைக்கும் அயனி மண்டலம், அதாவது வானத்தில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு, கொந்தளித்து சிக்னலை அறுத்துவிடும், மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இன்னும் மோசம். ஆன்டெனாவின் உயரத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளந்து எழுதுங்கள். முக்காலி நிறுத்துவதைவிட போல்ட்டில் நேராகத் திருகுவதே மேல், அப்போது அந்த உயரம் மாறவே மாறாது.

பதிவான கோப்புகளை ஆர்டிகேலிப் (RTKLIB) என்ற இலவச மென்பொருளில் போட்டு, பாறைப் புள்ளியிலிருந்து சந்தேகப் புள்ளி எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேலே கீழே இருக்கிறது என்று மட்டும் எடுங்கள். தனித்தனி ஆயத்தொலைவுகளை வருடத்துக்கு வருடம் ஒப்பிட வேண்டாம், நாடு உட்கார்ந்திருக்கும் இந்திய நிலத்தட்டே வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. ரிசீவர் காட்டும் உயரம் கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவாக இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

முதல் தடவை மூன்று நாள் தொடர்ந்து அளந்துவிடுங்கள், அந்த மூன்றுக்குள் எவ்வளவு சிதறுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இது. உயரம் 5 மில்லிமீட்டர் சிதறினால், இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது பிழை 7 ஆகிவிடும், அதில் இரு மடங்கு, அதாவது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டாத எதையும் நிலம் இறங்கியது என்று சொல்லாதீர்கள். அப்புறம் மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளந்து பாருங்கள். உயரத்தில் ஜிபிஎஸ் எப்போதுமே பலவீனம், கிடைத்தால் ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பார்க்கும் சர்வே தொலைநோக்கி) வைத்தும் ஒருமுறை சரிபாருங்கள், கிட்டத்து தூரத்தில் அது மில்லிமீட்டர் வரை சொல்லும்.

இதற்கிடையில் தரையில் புதிதாக வெடிப்பு கண்டால் சாட்டிலைட்டுக்குக் காத்திருக்காதீர்கள். வெடிப்பின் இருபுறமும் ஆணி அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள், பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். மாவட்டக் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்குப் போகும் மனுவில் புள்ளிகளின் வரைபடம், ஒவ்வொரு அளவையின் தேதி, பிழை எவ்வளவு என்ற விவரம், மூலக் கோப்புகள் எல்லாம் இருக்கட்டும், அவர்கள் சர்வேயர் அதே போல்ட்டில் வந்து தானே அளந்து பார்க்க வசதியாக.